விண்டோஸ் சிஸ்டத்திலிருந்து எது வெளியே போகிறது? மூன்று கதவுகள், ஒரு விளக்கம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய சிஸ்டத்தை 11-க்கு மாற்றும்போதோ புதிதாக ஒன்றை வாங்கும்போதோ திரையில் வரிசையாகக் கேள்விகள் வருகின்றன. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இருக்கிறதா, இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா, டயக்னாஸ்டிக் டேட்டா அனுப்பலாமா, நமக்கேற்ற விளம்பரம் காட்ட உதவும் விளம்பர ஐடியைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறது. சிஸ்டம் போட்டுக் கொடுக்க வந்தவர் 'அக்செப்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போய்விடுகிறார். திருப்பூரிலோ கரூரிலோ ஒரு கம்பெனியின் கணக்கு மேசையில் எது வெளியே போகும், எது போகாது என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அமெரிக்காவுக்குப் போகிறது என்பது ஒன்று. நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது மிகை. இரண்டாவது அதைவிடத் தவறு. பையர் நம்பி அனுப்பிய டெக்பேக் (ஆடையின் டிசைன், அளவு விவரம்), பீஸுக்கு எத்தனை பைசா நிற்கும் என்று போட்ட காஸ்டிங் ஷீட், தொழிலாளர்களின் ஆதார் நகல், பிஎஃப், இஎஸ்ஐ எண்கள், வங்கிக் கணக்கு விவரம், ஆடிட்டர் ஆபீஸ் என்றால் நூறு வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும். இவ்வளவும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன.

விண்டோஸிலிருந்து தகவல் வெளியேறும் வழிகளை மூன்று கதவுகளாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தெளியும். எல்லோரும் பயப்படுவது முதல் கதவைப் பார்த்து. சிறு நிறுவனத்துக்கு உண்மையில் அடி விழுவது இரண்டாவது கதவால்.

முதலில் சில சொற்கள்

1. டெலிமெட்ரி: தொலைவில் இருக்கும் ஒரு கருவி தன் நிலையைத் தானே அளந்து அனுப்புவது. தோட்டத்து மோட்டாருக்கு மாட்டும் மொபைல் ஸ்டார்ட்டர், த்ரீ ஃபேஸ் வந்துவிட்டதா, மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டதா என்று போனுக்குச் சொல்கிறதே, அதுவும் டெலிமெட்ரிதான். ஆனால் அங்கே செய்தி தோட்டக்காரருக்கு வருகிறது. விண்டோஸில் அது, விண்டோஸைத் தயாரித்த நிறுவனத்துக்குப் போகிறது. மைக்ரோசாப்ட் இதற்கு வைத்திருக்கும் பெயர் டயக்னாஸ்டிக் டேட்டா.

2. லோக்கல் அக்கவுண்ட்: அந்த ஒரு சிஸ்டத்துக்குள் மட்டும் செல்லும் பெயரும் பாஸ்வேர்டும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் அப்படியல்ல. ஓர் இமெயில் முகவரியோடு கட்டப்பட்டது, மைக்ரோசாப்ட் சர்வரில் இருப்பது.

3. சிங்க்: ஒரே கோப்பை இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வைத்திருப்பது. இதைப் பேக்கப் என்று நினைத்துவிடக் கூடாது. ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்திலும் அழியும்.

4. என்கிரிப்ஷன்: டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது. விண்டோஸில் இதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் எடிஷனில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. அவசரத்துக்குத் திறக்கும் ரெக்கவரி கீ 48 இலக்க எண்.

5. டிஃபால்ட்: யாரும் தொடாமல் விட்டால் எது ஆன், எது ஆஃப் என்று தயாரித்தவர் வைத்திருக்கும் நிலை. பெரும்பாலான சிஸ்டங்களில் யாரும் தொடுவதே இல்லை என்பதால் முடிவெடுப்பது டிஃபால்ட்தான்.

முதல் கதவு: டயக்னாஸ்டிக் டேட்டா

2015 ஜூலை 29-ஆம் தேதி விண்டோஸ் 10 வந்தபோதுதான் இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது. முதல் ஓராண்டுக்கு இலவச அப்கிரேடு. பதிலுக்கு முன்பைவிட அதிகத் தகவலை அனுப்பும் அமைப்பு. என்னென்ன போகிறது என்ற பட்டியல் அப்போது வெளியில் இல்லை. 2016 ஜூலையில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் சிஎன்ஐஎல், தேவைக்கு மேல் தகவல் திரட்டப்படுகிறது என்று சொல்லி, மூன்று மாதத்துக்குள் சரிசெய்ய மைக்ரோசாப்டுக்கு நோட்டீஸ் கொடுத்தது. மாற்றங்கள் வந்தபின் 2017-இல் அதை முடித்துக்கொண்டது. 2017 அக்டோபரில் நெதர்லாந்து ஆணையமும், பயனருக்குத் தெளிவாகச் சொல்லாமல் தகவல் எடுக்கப்படுகிறது, அது சட்டமீறல் என்று அறிவித்தது. இப்படி அழுத்தம் வந்துகொண்டிருந்த காலத்தில்தான் அடிப்படை நிலையில் போகும் தகவல்களின் முழுப் பட்டியல் 2017-இல் வெளியானது. 2018-இல் 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்' என்ற கருவியும் வந்தது. நம் ஊர் மேசையில் இன்று நாமே திறந்து பார்க்க முடிகிறது என்றால், அது வேறு நாட்டு ஆணையங்கள் கேள்வி கேட்டதன் பலன்.

இப்போது விண்டோஸ் 11-இல் இதற்கு மூன்று நிலைகள்.

1. ரிக்வயர்டு: எந்த மாடல், எவ்வளவு ரேம், எந்த டிரைவர், அப்டேட் ஏறியதா இல்லையா, எது நின்றுபோனது போன்றவை. ஹோம், புரோ எடிஷன்களில் இதற்குக் கீழே இறங்க முடியாது.

2. ஆப்ஷனல்: மேலே சொன்னவற்றோடு, எந்த ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், எந்த இணையதளங்களுக்குப் போகிறீர்கள் என்ற விவரமும், ஒரு புரோகிராம் நின்றுபோனால் கூடுதல் பிழை அறிக்கையும் போகும்.

3. முழுக்க ஆஃப்: எண்டர்பிரைஸ், எஜுகேஷன், சர்வர் எடிஷன்களுக்கு மட்டும்.

ஆப்ஷனலில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எக்செல் திடீரென்று நின்றுபோனால், அந்தக் கணத்தில் மெமரியில் என்ன இருந்தது என்பதன் ஒரு பகுதி பிழை அறிக்கையோடு சேர்ந்து போகலாம். திறந்திருந்த கோப்பின் துண்டுகள் தற்செயலாக அதில் இருக்கக்கூடும் என்று மைக்ரோசாப்டே தன் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. திறந்திருந்தது காஸ்டிங் ஷீட் என்றால் நூல் விலை, டையிங் கூலி, லாப விகிதம் எல்லாம் அந்த மெமரியில்தான் இருந்திருக்கும். யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் நம் பழுதைச் சரிசெய்ய, நம் கணக்கின் துண்டு வெளியே போகத் தேவையே இல்லை. ஆப்ஷனலை ஆஃப் செய்ய இந்த ஒரு காரணம் போதும். ஆஃப் செய்வதால் அப்டேட்டோ வைரஸ் பாதுகாப்போ நிற்காது.

தட்டுவதெல்லாம் போகிறது என்ற பேச்சுக்கும் ஒரு வேர் உண்டு. 'இம்ப்ரூவ் இங்கிங் அண்ட் டைப்பிங்' என்ற செட்டிங், எழுத்துப் பிழை திருத்தத்தையும் கையெழுத்துப் புரிதலையும் மேம்படுத்த, தட்டச்சு மாதிரிகளை அனுப்ப அனுமதி கேட்பது. அது ஆப்ஷனல் நிலையைச் சேர்ந்தது. அணைத்துவிடலாம்.

என்ன போகிறது என்று நேரில் பார்க்க: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக் என்று போய், 'வியூ டயக்னாஸ்டிக் டேட்டா' பட்டனை ஆன் செய்ய வேண்டும். டிஸ்க்கில் 1 ஜிபி வரை இடம் பிடிக்கும். வியூவரைத் திறந்தால் 'சென்சஸ்.பேட்டரி', 'சென்சஸ்.மெமரி', 'சென்சஸ்.கேமரா' என்ற மாதிரித் தலைப்புகளில் வரிவரியாக வரும். ஒவ்வொன்றையும் தட்டினால் அப்படியே அனுப்பப்பட்ட உரை தெரியும். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை ரேம், கேமரா இருக்கிறதா என்ற ரகம். கால் மணி நேரம் அதைப் படித்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு அதே பக்கத்தில் 'டெலிட்' பட்டன் இருக்கிறது. அந்த சிஸ்டத்திலிருந்து போன டயக்னாஸ்டிக் டேட்டாவை அழிக்கச் சொல்லும் பட்டன் அது. பார்த்து முடித்ததும் வியூவரை ஆஃப் செய்துவிடுங்கள்.

டெலிமெட்ரி வேறு விதமாகவும் கண்ணில் படும். பழைய ஹார்டு டிஸ்க் போட்ட சிஸ்டத்தில் காலையில் ஆன் செய்ததும் எல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். மேலே 'மைக்ரோசாப்ட் காம்பட்டிபிலிட்டி டெலிமெட்ரி' ஓடிக்கொண்டிருக்கும். நிறுவியிருக்கும் புரோகிராம்கள் அடுத்த விண்டோஸ் பதிப்புக்கு ஒத்துவருமா என்று கணக்கெடுக்கும் வேலை அது. வைரஸ் என்று ஃபார்மேட் செய்ய வேண்டியதில்லை. சிறிது நேரத்தில் அடங்கிவிடும். எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) மாற்றினால் தெரியவே தெரியாது.

இந்தக் கதவை அடைக்கப் போய் நேரும் தவறுகள்

1. ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் கோப்பு) மைக்ரோசாப்ட் முகவரிகளை எழுதித் தடுப்பது. 2020-இலிருந்து விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் இதை அபாயமான மாற்றமாகக் கருதுகிறது. எச்சரிக்கையில் 'ரிமூவ்' தட்டினால் ஹோஸ்ட்ஸ் கோப்பு பழையபடி காலியாகிவிடும். பிரிண்டர், சர்வர் என்று நீங்கள் சேர்த்திருந்த வரிகளும் அதோடு போகும்.

2. 'ஒரே கிளிக்கில் விண்டோஸைச் சுத்தம் செய்யும்' ஸ்கிரிப்டுகள். அப்டேட் சேவையையும் சேர்த்து உடைத்துவிடுபவை இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்பு அப்டேட் ஏறாமல் நிற்கும்போதுதான் தெரியவரும்.

3. புரோ எடிஷனில் பாலிசி (விண்டோஸின் உள்விதிகளை மாற்றும் இடம்) மூலம் டெலிமெட்ரியைப் பூஜ்ஜியம் என்று வைப்பது. விண்டோஸ் அதை ஏற்றுக்கொண்டது போலக் காட்டும். உள்ளே ரிக்வயர்டு நிலையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

4. கிராக் செய்த விண்டோஸ். டெலிமெட்ரிக்குப் பயந்துகொண்டு இதைப் போடுவது, ஜன்னலைச் சாத்திவிட்டு வாசற்கதவைக் கழற்றி வைப்பது. ஆக்டிவேட் செய்யும் கள்ள புரோகிராம் முதலில் கேட்பதே டிஃபெண்டரை அணைக்கச் சொல்லித்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட எந்த ஆணையமும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்து நீதித் துறைக்காக 2018-இல் செய்த ஆய்வில், விண்டோஸ் அனுப்பிய நிகழ்வு வகைகள் ஆயிரத்துச் சொச்சம் என்றால், ஆபீஸ் மென்பொருள் அனுப்பியவை 23,000 முதல் 25,000 வரை என்று தெரியவந்தது. இயங்குதளத்தை மட்டும் இறுக்கிவிட்டு எக்செல், வேர்டின் பிரைவசி செட்டிங்கைத் தொடாமல் விட்டால் வேலை பாதியில் நிற்கும். எக்செலில் ஃபைல், அக்கவுண்ட், அக்கவுண்ட் பிரைவசி என்று போய் அங்கேயும் ஆப்ஷனலை அணைக்க வேண்டும்.

இரண்டாவது கதவு: அக்கவுண்ட்

முதல் கதவில் சிஸ்டத்தைப் பற்றிய தகவல் போகிறது. இரண்டாவது கதவில் உங்கள் கோப்புகளே போகின்றன. அதுவும் யார் பெயரில்?

புதிய விண்டோஸ் 11 சிஸ்டத்தை முதல்முறை ஆன் செய்யும்போது இணையமும் மைக்ரோசாப்ட் அக்கவுண்டும் கேட்கும். கம்பெனிக்கு என்று தனி இமெயில் தயாராக இருக்காது. அக்கவுண்டன்ட் தன் சொந்த இமெயிலைப் போட்டுவிடுவார். இல்லையென்றால் சிஸ்டம் போட வந்தவரே தன் அக்கவுண்டைப் போட்டு வேலையை முடித்துவிடுவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் அந்த ஓர் இமெயிலோடு இரண்டு பெரிய விஷயங்கள் கட்டுப்பட்டுவிடுகின்றன.

*ஒன்று, ஒன்டிரைவ்.* கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாப்ட் சேவை இது. அமைப்பின்போது 'பேக்கப்' என்ற பெயரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் எடுத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு கோப்பை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் இருப்பிடத்தைப் பாருங்கள். பயனர் பெயருக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில் 'ஒன்டிரைவ்' என்ற சொல் இருந்தால், அந்தக் கோப்பு அந்த இமெயில்காரரின் கிளவுடில் (மைக்ரோசாப்ட் சர்வரில்) இருக்கிறது. அவர் வீட்டில் போனில் அதே இமெயிலில் நுழைந்தாலும் திறக்கும். வேலையை விட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குப் போன பிறகும் திறக்கும்.

கணக்கு மென்பொருளான டாலியின் டேட்டா இதில் பெரும்பாலும் தப்பிவிடும். டாலிபிரைம் இயல்பாகத் தன் டேட்டாவை 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் வைக்கிறது. ஒன்டிரைவ் எடுக்கும் மூன்று இடங்களில் அது இல்லை. ஆனால் டாலியிலிருந்து எடுத்த லெட்ஜர் எக்செல், பார்ட்டிக்கு அனுப்பிய ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் வந்து சேமித்த ஆதார் படம் எல்லாம் எங்கே கிடக்கும்? டெஸ்க்டாப்பில்தான். டாலி டேட்டாவையே டாக்குமென்ட்ஸுக்கு மாற்றி வைத்திருந்தால் வேறு தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாவை ஒன்டிரைவ் நடுவில் தொட்டுப் பிரதி எடுக்கப் போய்க் கோப்பு கெட வாய்ப்புண்டு.

இலவச இடம் 5 ஜிபி. டெக்பேக் படங்களும் பிடிஎஃப்களும் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். உடனே பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு வரத் தொடங்கும். இங்கேதான் பலர் பெரிய தவறைச் செய்கிறார்கள். இடத்தைக் காலி செய்கிறேன் என்று ஒன்டிரைவ் இணையதளத்தில் கோப்புகளை அழிப்பார்கள். சிங்க் என்பதால் சிஸ்டத்திலும் அவை அழியும். தனிநபர் ஒன்டிரைவில் 30 நாள் வரை ரிசைக்கிள் பின்னில் கிடைக்கும். அதற்குமேல் கிடைக்காது.

ஒன்டிரைவிலிருந்து சேதமில்லாமல் வெளியே வரும் வரிசை இது:

1. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்புகளின் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். நீல மேகம் என்றால் அந்தக் கோப்பு சிஸ்டத்தில் இல்லை, கிளவுடில் மட்டும் இருக்கிறது. பச்சை டிக் என்றால் சிஸ்டத்திலும் இருக்கிறது.

2. எல்லாவற்றையும் தேர்வுசெய்து ரைட் கிளிக், 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்'. மேகக் குறிகள் எல்லாம் மறையும் வரை காத்திருங்கள்.

3. முழு ஃபோல்டரையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது.

4. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' சென்று மூன்று ஃபோல்டர்களையும் நிறுத்துங்கள். கோப்புகளை எங்கே வைக்க என்று கேட்டால் சிஸ்டத்தில் மட்டும் என்பதைத் தேர்வுசெய்யுங்கள். அப்படிக் கேட்காமல் டெஸ்க்டாப் காலியாகி, 'வேர் ஆர் மை ஃபைல்ஸ்' என்று ஒரு ஷார்ட்கட் மட்டும் நின்றால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து டெஸ்க்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

5. அதன்பிறகு 'அன்லிங்க் திஸ் பிசி'. கிளவுடில் உள்ள பிரதியை அந்த அக்கவுண்ட்காரரை உட்கார வைத்து அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள், ரிசைக்கிள் பின் உட்பட. அன்லிங்க் செய்வதற்கு முன்னால் அழித்தால் மேலே சொன்ன விபத்து நடக்கும். இந்த வரிசை மாறக் கூடாது.

*இரண்டு, பூட்டுச் சாவி.* விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் பெரும்பாலான சிஸ்டங்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்ததும் பூட்டு முழுமையாகி, 48 இலக்கச் சாவி அந்த அக்கவுண்டுக்குப் போய்ச் சேருகிறது. பூட்டு நல்லதுதான். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் எடுத்தவரால் டிஸ்க்கைப் படிக்க முடியாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. சாவியின் ஒரு பிரதி மைக்ரோசாப்டிடம் இருப்பதால், செல்லத்தக்க சட்ட ஆணை வந்தால் அந்நிறுவனத்தால் அதைக் கொடுக்க முடியும். அது ஒரு பக்கம். நம் ஊர் ஆபீஸுக்கு மறுபக்கம்தான் அடிக்கடி வரக்கூடியது. சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் பயாஸ் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாற்றினாலோ, சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்புக்குச் சந்தேகம் வந்து, நீலத் திரையில் ரெக்கவரி கீ கேட்கும். சாவி, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் இமெயிலில் இருக்கும். அவர் அந்த பாஸ்வேர்டை மறந்திருந்தால் டிஸ்க்கில் இருப்பதை மீட்க வேறு வழி கிடையாது. கோவை காந்திபுரத்தில் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் முடியாது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: செட்டிங்ஸ் தேடலில் 'என்கிரிப்ஷன்' என்று தட்டி, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், புரோ எடிஷனில் 'மேனேஜ் பிட்லாக்கர்' பக்கத்தில் 'பேக்கப் யுவர் ரெக்கவரி கீ' கொடுத்து அச்செடுக்கலாம். ஹோம் எடிஷனில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் தளத்தில் டிவைசஸ் பகுதியில் சாவி தெரியும். அச்செடுத்த தாளில் எந்த சிஸ்டம் என்று எழுதி, செக் புக் இருக்கும் பீரோவில் வையுங்கள். அதே சிஸ்டத்தின் டெஸ்க்டாப்பில் சேமிப்பது, சாவியைப் பூட்டுக்குள் போட்டுப் பூட்டுவது.

மூன்றாவது கதவு: ரீகால்

2024 மே 20-ஆம் தேதி மைக்ரோசாப்ட் ரீகாலை அறிவித்தது. சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து, பின்னால் தேடித் தரும் வசதி. படங்கள் தாமாக வெளியே போவதில்லை, சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கும். சிஸ்டத்துக்குள் நுழைபவர் கையில் அவை சிக்கலாம் என்பதால்தான் இதுவும் ஒரு கதவு. ஆனால் சோதனைப் பதிப்பைப் பிரித்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர்கள், படங்களிலிருந்து எடுத்த எழுத்துகள் சாதாரண டேட்டாபேஸில் எளிதில் படிக்கும்படி கிடப்பதைக் காட்டினார்கள். கடும் எதிர்ப்புக்குப் பின் வெளியீடு தள்ளிப்போய், பயனர் கேட்டால் மட்டும் ஆன் ஆகும்படியும், முகம், விரல்ரேகை அல்லது பின் எண்ணோடு கூடிய விண்டோஸ் ஹலோ கேட்கும்படியும் மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் வந்தது.

இதற்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிச் சிப்பும் 16 ஜிபி ரேமும் வேண்டும். 'கோபைலட் பிளஸ்' என்று விற்கும் புதிய லேப்டாப்களில் மட்டும்தான் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸ் சிஸ்டத்தில் இதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். புதிதாக வாங்கினால் பிரைவசி பகுதியில் 'ரீகால் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ்' ஆஃப் ஆக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலர் ஒரே லாகினில் உட்காரும் ஆபீஸில் இதை ஆன் செய்வதற்கு நியாயமே இல்லை.

மேக்குக்கோ லினக்ஸுக்கோ மாறினால்?

மேக் முதல்முறை அமைக்கும்போதே பகுப்பாய்வுத் தகவல் அனுப்பலாமா என்று கேட்கிறது. மறுக்கலாம். ஆனால் அங்கும் கதவு உண்டு. 2020 நவம்பர் 12-ஆம் தேதி ஆப்பிள் சர்வர் ஒன்று திணறியபோது, உலகெங்கும் மேக்குகளில் ஆப்கள் திறக்கத் தாமதமாயின. ஆப்பைத் திறக்கும்போது அதைத் தயாரித்தவரின் சான்றிதழ் செல்லுமா என்று மேக் ஆப்பிளிடம் கேட்கிறது, அதுவும் அப்போது பூட்டப்படாத இணைப்பில் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. இலவச இயங்குதளமான லினக்ஸிலும் சறுக்கல் நடந்திருக்கிறது. 2012-இல் உபுண்டு 12.10 என்ற லினக்ஸ் பதிப்பு, சிஸ்டத்துக்குள் தேடுவதை அமேசான் முடிவுகளுக்காக வெளியே அனுப்பியது. பலத்த எதிர்ப்பு வந்து, 2016-இல் அது டிஃபால்ட்டாக ஆஃப் ஆனது. இன்று லினக்ஸில் போவது மிகக் குறைவு, போவதும் பெரும்பாலும் கேட்டுவிட்டுத்தான்.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் மாறவில்லை? காரணம் மேசையிலேயே இருக்கிறது. டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், எம்பிராய்டரி டிசைன் மென்பொருள், பேட்டர்ன் போடும் கேட் (CAD) மென்பொருள் எல்லாம் விண்டோஸைச் சுற்றியே இருக்கின்றன. எனவே கணக்கு மேசைக்கு விண்டோஸ் இருக்கட்டும். மெயில் பார்ப்பது, பில் அச்சடிப்பது, கேட் பாஸ் போடுவது மட்டும் நடக்கும் பழைய சிஸ்டங்களை லினக்ஸுக்கு மாற்றுவது நடக்கக்கூடியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் (BOSS) லினக்ஸில் தமிழ் வசதியும் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில் வந்தது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் பயனர் விரும்பும் மொழியில் பார்க்க வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அதில் உண்டு. ஆங்கிலத் திரையில் 'அக்செப்ட்' தட்டும் நம்மவர்களுக்கு இது உண்மையாகவே பயன்படும்.

கம்பெனி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு.

1. இந்தச் சட்டம் காப்பது தனிமனிதரின் தகவலை. உங்கள் காஸ்டிங் ஷீட்டோ பையரின் டிசைனோ தனிநபர் தரவு ஆகாது. அது வெளியே போனால் இந்தச் சட்டத்தைக் காட்டி முறையிட முடியாது.

2. தொழிலாளியின் ஆதாரும் வங்கி எண்ணும் தனிநபர் தரவு. அதைத் திரட்டி வைத்திருப்பது கம்பெனி, எனவே தகுந்த பாதுகாப்பு செய்ய வேண்டிய பொறுப்பும் கம்பெனிக்கு. அவை அக்கவுண்டன்டின் சொந்த ஒன்டிரைவில் கிடந்து கசிந்தால், கேள்வி அக்கவுண்டன்டை நோக்கி நிற்காது. பாதுகாப்புத் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு நிறுவனத்துக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று சொல்லவில்லை. பொறுப்பு யார் தலையில் என்பதைச் சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது.

எந்த வரிசையில் செய்வது

1. சிஸ்டம் ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'யுவர் இன்ஃபோ' திறந்து எந்த இமெயில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தெரியாத இமெயில் இருந்தால் அதுதான் முதல் வேலை.

2. பூட்டுச் சாவியை அச்செடுங்கள். இதை முடிக்காமல் அக்கவுண்டை மாற்றவே வேண்டாம்.

3. மேலே சொன்ன ஐந்து படிகளில் ஒன்டிரைவை விலக்குங்கள்.

4. 'யுவர் இன்ஃபோ'வில் 'சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுண்ட் இன்ஸ்டெட்' கொடுத்து லோக்கலுக்கு மாறுங்கள். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் தேவை என்றால் கம்பெனி பெயரில் ஒன்றைத் தொடங்கி, ரெக்கவரி போன் எண்ணாக முதலாளியின் எண்ணைக் கொடுங்கள். புரோ எடிஷனைப் புதிதாக நிறுவும்போது, வேலைக்கு என்பதைத் தேர்வுசெய்து 'டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்' கொடுத்தால் தொடக்கத்திலேயே லோக்கல் அக்கவுண்ட் கிடைக்கும்.

5. ஆப்ஷனல் டயக்னாஸ்டிக், டைப்பிங் மேம்பாடு, 'டெய்லர்டு எக்ஸ்பீரியன்சஸ்' (டயக்னாஸ்டிக் டேட்டாவை வைத்துப் பரிந்துரையும் விளம்பரமும் காட்டுவது), விளம்பர ஐடி ஆகிய நான்கையும் அணையுங்கள். விளம்பர ஐடி சில பதிப்புகளில் 'ஜெனரல்' பகுதியிலும், புதியவற்றில் 'ரெக்கமண்டேஷன்ஸ் அண்ட் ஆஃபர்ஸ்' பகுதியிலும் இருக்கும்.

6. வருடாந்தரப் பெரிய அப்டேட் ஏறியபின் ஐந்தையும் மறுபடி பாருங்கள். 'உங்கள் சிஸ்டத்தை அமைத்து முடிப்போம்' என்று ஒரு திரை வந்து ஒன்டிரைவை மீண்டும் கேட்கும். அவசரத்தில் 'அக்செப்ட்' தட்டினால் மூன்றாவது படியில் செய்த வேலை வீண்.

விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்கு

பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாப்ட் தனிநபர்களுக்கு மூன்று வழி கொடுத்தது: செட்டிங்ஸை ஒன்டிரைவுக்கு சிங்க் செய்தால் இலவசம், அல்லது 1,000 மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர். மூன்றிலும் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் வேண்டும். பணம் கட்டினாலும் வேண்டும். இலவச வழியில் போகிறவர்கள் விண்டோஸ் பேக்கப் திரையில் ஃபோல்டர்களை ஆஃப் செய்துவிட்டு, செட்டிங்ஸை மட்டும் ஆன் செய்யலாம். கோப்புகள் வெளியே போகாது. தொழில் நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குத் தனித் திட்டம், முதல் ஆண்டுக்கு ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரட்டிப்பு.

எம்பிராய்டரி மெஷினோடோ பழைய கட்டிங் பிளாட்டரோடோ பிணைந்திருக்கும் விண்டோஸ் 10, விண்டோஸ் 7 சிஸ்டங்கள் 11-க்கு மாறவே மாறாது. டிபிஎம் 2.0 இருக்காது, இருந்தாலும் மெஷினின் டிரைவர் கிடைக்காது. அவற்றின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிடுங்கள். டிசைனைக் கொண்டுபோக அதற்கென்றே ஒரு பென் டிரைவ் வைத்து, ஒவ்வொரு முறையும் அப்டேட் உள்ள சிஸ்டத்தில் ஸ்கேன் செய்துவிட்டு மாட்டுங்கள்.